பாத்தி மிதிக்கும் விளையாட்டு

எனக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. சின்ன வயதிலும் ஆகாது. அப்படிப்பட்ட நான் 'விளையாட்டு டீச்சர்' என்று பெயர் வாங்கினேன் என்றால் அதற்குக் காரணம் கை வலி. பிள்ளைகளை அடித்து அடித்து வந்த கை வலி. ரிடையர் ஆன பிறகு ஒரு பயிற்சிப் பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பழகக் கற்றுக்கொள்வது விளையாட்டு வழியாகத்தான் என்று நானும் பேசினேன். எதிரே உட்கார்ந்திருந்த இளம் டீச்சர்கள் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளில் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு கோயில் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. பங்குச் சாமியார் பொறுப்பில் நடந்த தொடக்கப் பள்ளி. என் புகுந்த வீடு கிளியனூர். விடியும்போது கிளம்பினால் திண்டிவனத்துக்கு ஒரு பஸ், அங்கே காத்துக் கிடந்து மரக்காணத்துக்கு இன்னொரு பஸ், இறங்கிய பிறகு உப்பளத்துக் கரையோரமாக இருபது நிமிட நடை. சாயங்காலம் அதே வழியில் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதே ஒரு நாள் வேலையை முடித்துவிட்ட மாதிரி இருக்கும். உள்ளே ஐம்பத்துச் சொச்சம் பிள்ளைகள் ஆளுக்கொரு சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே தகரக் கொட்டகையில். இரண்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தி. வேலையும் நிரந்தரம் ஆகவில்லை. வருடா வருடம் சாமியார் மனசு வைக்க வேண்டும். சாமியார் மனசு வைக்க உப்பள முதலாளி மனசு வைக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கொட்டகை அவர் போட்டுக் கொடுத்தது. அவர் பையனும் என்னிடம்தான் நாலாம் வகுப்பு படித்தான்.

பிள்ளைகள் மூன்று கூட்டமாக உட்காருவார்கள். கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், கடை வைத்திருப்பவர்கள், நிலம் வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், உப்பளத்தில் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் கதவோரம். நான் உட்கார வைத்ததில்லை. அவர்களாகவே அப்படி உட்கார்ந்தார்கள். தண்ணீர்ப் பானைக்கு ஒரே ஒரு டம்ளர். அதற்கு ஒரு நாளைக்கு நாலு சண்டை. ஒருத்தன் கடிப்பான், ஒருத்தன் அப்பன் ஆத்தாளை இழுப்பான், கதவோரத்துப் பிள்ளைகள், மற்ற எல்லாரும் குடித்து முடிக்கும் வரைக்கும் சும்மா நிற்கும். நான் பிரம்பை எடுப்பேன். யார் தப்பு என்று விசாரிக்க எனக்குத் தெம்பு இருந்ததில்லை. கையில் அகப்பட்டவனுக்கு விழும். அந்த வருடம் ஐப்பசி மழையில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை. பிரம்பை அலமாரியில் வைத்தேன். அடக்க வேறு வழி தெரியாமல்தான் விளையாட்டுக்கு வந்தேன்.

முதலில் கடை விளையாட்டு. வரிசையில் நின்று, 'அண்ணே, கொஞ்சம் குடுங்க' என்று கேட்டு, வாங்கியதும் 'வர்றேங்க' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடைக்காரர் மகன் முதல் நாளே சாமான் வைக்கும் தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்துவிட்டான். அடுத்து பஸ் விளையாட்டு. பலகையை வரிசையாகப் போட்டு, ஒருத்தர் பின் ஒருத்தராக ஏறச் சொன்னேன். அவர்கள் திண்டிவனம் பஸ்ஸில் எப்படி ஏறுவார்களோ அப்படியே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தார்கள். ஜன்னலே இல்லாத பஸ்ஸில். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. இதெல்லாம் நமக்கு வராது என்று விட்டுவிடத்தான் இருந்தேன்.

பொங்கல் கழிந்து உப்பளத்தில் வேலை தொடங்கியது. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது ஒரு நாள் காலையில் பார்த்தேன். மழைத் தண்ணீரை இறைத்துவிட்ட பாத்திக்குள் பத்துப் பதினைந்து பேர் தோளோடு தோள் உரச ஒரே வரிசையாக நின்று களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். மேஸ்திரி கரையில் நின்று குரல் கொடுக்க, எல்லாக் காலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அடி அடியாக வரிசை நகர்ந்தது. அப்படி மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்தினால்தான் உப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலே நின்று காயும். வரிசையில் ஒருத்தி பிந்தினாலும் அந்த இடம் கெட்டிப்படாமல் பொக்காகிவிடும். ஆகவே ஒருத்தி முகத்தை ஒருத்தி பாராமலே ஒருத்தி காலை ஒருத்தி தெரிந்து வைத்திருந்தார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லேட்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் எங்கள் பாத்தியைப் போட்டோம். இரண்டு பாய் விரிக்கிற அளவு. பிள்ளைகள் கால்வாய்க் கரையிலிருந்து களிமண் சுமந்து வந்தார்கள். குப்பத்துப் பையன்கள் நல்ல பலசாலிகள், ஆனால் மிதிக்கத் தெரியவில்லை; குதித்தார்கள். கதவோரத்துப் பிள்ளைகள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. "டேய், தொம்முனு குதிக்காத. குதிகாலை வெச்சு அழுத்து." அதுவரை அந்தக் கொட்டகையில் அவர்கள் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. முதலாளி வீட்டுப் பையன் முதல் இரண்டு நாள் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று ஓரமாக நின்றான். மூன்றாம் நாள் கழற்றினான்.

நான் அதில் ஒரு சட்டம் சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒருத்தர் வரிசைக்கு வெளியே நிற்க வேண்டும். மற்றவர்கள் பாதிப் பாத்தி மிதித்த பிறகு வெளியே நிற்பவர் நேராக வரிசைக்கு முன்னால் வந்து, முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கும் எடம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் வரிசை நின்றாக வேண்டும். "இருக்குது, வா" என்று எல்லாரும் சொல்லி, நகர்ந்து, நடுவில் இடம் விட்டாக வேண்டும். யாரும் மாட்டேன் என்று சொல்லக்கூடாது. கேட்காமல் நுழையக்கூடாது. கேட்கவும் கற்றுக்கொள்ளட்டும், கொடுக்கவும் கற்றுக்கொள்ளட்டும் என்பது என் கணக்கு. நான் யோசித்துச் செய்த ஒரே நல்ல காரியம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

கதவோரத்தில் ஒரு பெண் இருந்தாள். மூன்றாம் வகுப்பு. வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்க மாட்டாள், கையை மட்டும் தூக்குவாள். அப்பா கேரளா பக்கம் போனவர் திரும்பவில்லை. அம்மா உப்பளத்தில் பாத்தி மிதிப்பாள், உப்பு வாருவாள், கூடையில் சுமந்து கரையில் கொட்டுவாள். பள்ளியில் சேர்க்க வந்த அன்றே அந்த அம்மா என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "எனக்கு இங்க வேல இருக்கிற வரைக்கும் இவ வருவாங்க டீச்சர். வேல போச்சுன்னா எங்கண்ணன் கூட செங்கல் சூளைக்குத்தான் போவணும். அங்க ஸ்கூல் கெடையாது. இவளும் கல்லு அடுக்க வேண்டியதுதான்." அதைச் சொல்லும்போது மகள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அந்தப் பெண் வெளியே நிற்கும் முறை வந்தது. பாத்தியின் இந்தக் கரையில் நின்றாள். அந்தப் பக்கம் வரிசை நின்றது. நடுவில் அப்போதுதான் மிதித்த ஈரக் களிமண். "போ, போய் முன்னால நின்னு கேளு" என்றேன். அவள் நகரவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன், குரலை உயர்த்தி. அப்போதுதான் அவள் குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

"மிதிச்ச எடத்துல காலு வெக்கக்கூடாது டீச்சர்."

காய்வதற்கு முன்னால் கால் வைத்தால் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தின் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், உப்பளத்தில் குழந்தைகூட அதைச் செய்யாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருக்கிறது, இவள் ஒருத்தியால் ஆட்டம் நிற்கிறது என்பதுதான். இரண்டு மூன்று உப்பளத்துப் பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டின. நான் கேட்கவில்லை. "இது விளையாட்டுதானே. டீச்சர் சொல்றேன் இல்ல? நடந்து போ" என்றேன்.

நடந்து போனாள். ஒவ்வொரு அடியையும் கண்ணை மூடிக்கொண்டு வைத்தாள். வரிசைக்கு முன்னால் போய் நின்று வாய்க்குள்ளேயே கேட்டாள். காதில் விழவில்லை என்றேன். மறுபடி கேட்டாள். நாலாவது தடவை கேட்கிற மாதிரி கேட்டாள். "இருக்குது, வா!" என்று பிள்ளைகள் கத்தின. முதலாளி வீட்டுப் பையன் தன் பக்கத்தில் நகர்ந்து இடம் விட்டான். அவள் அங்கே நின்று மிதித்தாள் பாருங்கள், அந்த வரிசையிலேயே அவளைப் போல மிதித்தவர் இல்லை. அதற்கப்புறம் அவளாகவே முறை கேட்டு வெளியே நிற்க ஆரம்பித்தாள். தைரியமாக ஈரக் களிமண்ணைக் குறுக்கே கடந்து வந்து, தலையை நிமிர்த்திக் கேட்பாள். டம்ளர் சண்டையில் ஒரு நாள் "அடுத்தது என் முறை" என்றாள். கொடுத்தான், அந்தப் பையன். எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. கிளியனூரில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, சோத்தைப் போடு" என்றார்.

மாசி கடைசியில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தது. விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்து போய், பாத்திகள் சேறாகி, எல்லாவற்றையும் மறுபடி மிதிக்க வேண்டியதாயிற்று. அந்தச் சமயம் பார்த்து அந்த அம்மாவுக்குக் காலில் உப்புப் புண். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாலாம் நாள் துணியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை, ஆகவே மகளும் கூடப் போயிருக்கிறாள். வரிசை ஏற்கெனவே நின்று பாதிப் பாத்தியை மிதித்துவிட்டது. மேஸ்திரி "ஆளு போதும்" என்று சொல்லிவிட்டான். அம்மா கரையில் நின்றிருக்கிறாள். இவள் என்ன செய்தாள் என்றால், கரையை விட்டு இறங்கினாள். மிதித்த பாத்தியைக் குறுக்கே கடந்தாள். நேராக வரிசைக்கு முன்னால் போய் நின்று, தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்கம்மாவுக்கும் எடம் இருக்கா?" என்று கேட்டாள்.

வரிசை நின்றதாம். அதுவரைக்கும் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாளாம். கேட்டுவிட்டால் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம் அல்லவா. மேஸ்திரி பாத்தி நடுவே விழுந்திருந்த சின்னச் சின்னக் கால் பள்ளங்களைப் பார்த்துவிட்டுக் கத்தினான். "உப்பளத்துல பொறந்த புள்ளதான நீ? யாருடி உனக்கு இப்படி நடக்கச் சொல்லிக் குடுத்தது?"

"டீச்சர்" என்று சொன்னாளாம்.

பாதிப் பாத்தியை முதலிலிருந்து மிதிக்க வேண்டியதாயிற்று. வரிசையில் நின்ற பெண்களுக்கும் கோபம். கால் பள்ளத்தைச் சரிபண்ணுகிற வலி அவர்களுக்குத்தானே. இனி எந்தப் பாத்தியிலும் இந்தத் தாயும் மகளும் கால் வைக்கக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டான். இதையெல்லாம் திங்கட்கிழமை அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னாள். சண்டை போட வந்திருப்பாள் என்று நினைத்து நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் சண்டை போடவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பேசினாள்.

"இவ மேல தப்பு சொல்லலங்க. உங்க மேலயும் சொல்லல. முதலாளி ஆண்டு விழாவுக்கு வர்றாராமே. நீங்க ஒரு வார்த்த, ஒரே வார்த்த, நாந்தான் சொல்லிக் குடுத்தேன், புள்ள தெரியாம செஞ்சிடுச்சுன்னு சொன்னீங்கன்னா போதும். மேஸ்திரி வாய தொறக்க மாட்டான். எங்கண்ணன் சூளைக்குக் கூப்டுகினே இருக்குது. விழா வரைக்கும் பொறுத்துக்கோன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன்" என்றேன். அப்போது மனசாரத்தான் சொன்னேன்.

விழாவுக்குப் பத்துப் பள்ளி நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். அம்மா விறகு வெட்டினாளோ, கால்வாயில் நண்டு பிடித்தாளோ, எப்படியோ ஓட்டினாள். வகுப்பில் நான் விளையாட்டின் சட்டத்தை மாற்றினேன். "இனிமேல் யாரும் மிதித்த இடத்தில் நடக்கக்கூடாது, கரையோரமாகச் சுற்றி வர வேண்டும்" என்றேன். ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி. 'நீ அன்றைக்குச் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு' என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். பிள்ளைகளுக்கு மன்னிப்புக் கேட்கும் விளையாட்டு ஒன்றும் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன், ஜோடி ஜோடியாக நிற்க வைத்து. எனக்கு அது வரவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் சுற்றி வந்தாள்.

தலைமை ஆசிரியருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நல்ல மனிதர்தான், ஆனால் ரிடையர் ஆக இரண்டு வருடம் இருந்தவர். "மேஸ்திரியோட போயிடுச்சு இது. முதலாளி காதுக்கு எட்டல. அவரு பாத்தியக் கெடுக்கச் சொல்லிக் குடுத்தது நாங்கதான்னு நீங்களா போய்ச் சொல்லாதீங்கம்மா. உங்க வேலையும் இன்னும் பர்மனென்ட் ஆகல" என்றார். நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். அவர் சொன்னதில் ஒரு சுகம் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை நடந்த ஆண்டு விழாவுக்கு முதலாளி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் கடிகாரம், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் பாத்தியின் அருகில் போட்டோம். பிள்ளைகள் மிதித்தார்கள். சொந்த மகன் சேற்றில் மிதிப்பதைப் பார்த்து முதலில் அவர் முகம் சுருங்கியது, பிறகு பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே நிற்பது அந்தப் பெண். அவள் கரையோரமாகச் சுற்றி வந்து, வரிசைக்கு முன்னால் நின்று, "எனக்கும் எடம் இருக்கா?" என்று கேட்டாள். "இருக்குது, வா!" வரிசை நகர்ந்தது. ஊர் ஜனங்கள் கைதட்டினார்கள். முதலாளி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பரவால்லயே டீச்சர். மிதிச்ச எடத்துல காலே படாம சுத்தி வருது பாரு அந்தப் பொண்ணு. எங்க ஆளுங்களுக்கே சில சமயம் இது தெரியறதில்ல. யார் சொல்லிக் குடுத்தது?"

இதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும்? கேள்வியையே அவர் கேட்டுவிட்டார். நான் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'அது அந்தப் பொண்ணுக்கு முன்னாடியே தெரியுங்க. கெடுத்தது நான்' என்ற இரண்டு வாக்கியம் போதும். வேலியோரத்தில் அந்த அம்மா காலில் துணியோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு கேட்காது, வாய் அசைவதுதான் தெரியும்.

நான் வாயைத் திறக்கும் முன் தலைமை ஆசிரியர், "எல்லாம் நம்ம டீச்சர்தாங்க" என்றார். முதலாளி "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார். நான் சிரித்தேன். "பசங்க நல்லா ஒத்துழைக்கறாங்கங்க" என்றேன். வாய் அசைந்தது. அதோடு சரி. சோடா கொடுத்தேன். அவருக்கு மாலை போட்டார்கள். எனக்கு அப்போது தலைக்குள் ஓடியதெல்லாம் ஐந்தரை மணி பஸ்ஸை விட்டால் திண்டிவனத்தில் கிளியனூர் பஸ் கிடைக்காது என்பதுதான். களைப்பு என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். களைப்பும் இருந்தது. ஆனால் அது பயம். களைப்பு என்று சொல்லிச் சொல்லியே பல பயங்களை நான் ஓட்டியிருக்கிறேன்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்தப் பெண் வந்தாள். சேறு காய்ந்த காலோடு நேராக எனக்கு முன்னால் வந்து நின்று, தலையை நிமிர்த்தி, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கேட்டீங்களா டீச்சர்?"

"கேட்டேம்மா. பாக்கலாம்னு சொன்னாரு" என்றேன்.

அவள் ஓடினாள். வேலியோரம் போய் அம்மாவிடம் சொல்வது தெரிந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், எங்கள் ஊர்ச் சாமியார் விடவில்லை, என்ன பொய் என்று கேட்டார். கேட்டுவிட்டு, "அது சரியாயிடும். திங்கக்கெழம நீயே போய் அந்த முதலாளியப் பார்த்துச் சொல்லிடு" என்றார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். உண்மையாகவே. திங்கட்கிழமை பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியமெல்லாம் கோர்த்து வைத்திருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு விட்டதும் முதலாளி வீட்டுக்குப் போவதாக இருந்தேன்.

அந்த அம்மா என்னைவிடச் சுறுசுறுப்பு. திங்கட்கிழமை விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய்க் கரையில் நின்றிருக்கிறாள், டீச்சர் பேசிவிட்டார் என்ற தைரியத்தில். மேஸ்திரி முதலாளியிடமே ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறான். யாரும் தன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று அங்கிருந்து பதில் வந்திருக்கிறது. பொய் சொல்லி வேலைக்கு நிற்கப் பார்த்தாள் என்று பெயர் வாங்கிக்கொண்டு, பத்து மணி சுமாருக்கு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

நான் வாசலுக்குப் போனேன். கோர்த்து வைத்த வாக்கியம் எல்லாம் இருந்தது. "இன்னிக்கு மத்தியானம் போறதா இருந்தேம்மா" என்றேன்.

"அண்ணன் முன்னாடியே சொல்லி வெச்சிருந்த சூளை லாரி இன்னிக்கு வந்துட்டுது டீச்சர். மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு. இவ சிலேட்ட வாங்கிகினு போலாம்னு வந்தோம்." மகள் கையை விட்டாள். பிறகு கோபமே இல்லாமல், நாளெல்லாம் உப்புச் சுமந்தவள் கூடையை இறக்கி வைக்கிற குரலில் சொன்னாள்: "உங்களால கேக்க முடியலன்னா முடியலன்னு சொல்லியிருக்கலாம். நாங்க அன்னிக்கே போயிருப்போம். புள்ளகிட்ட கேட்டேன்னு சொல்லிட்டீங்களே."

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. கதவோரத்துத் தன் இடத்தில் வைத்திருந்த சிலேட்டை எடுக்க உள்ளே போனாள்.  என்ன நடந்தது என்று பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியுமோ தெரியாது. முன் வரிசையில் இருந்த முதலாளி வீட்டுப் பையன் அவளைப் பார்த்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தான் இடம் விட வேண்டும் என்பது சட்டம். அவன் நகர்ந்தான். இப்போதெல்லாம் அவன் பக்கத்திலேயே உட்காரும் குப்பத்துப் பையனும் நகர்ந்தான். அந்த வரிசை முழுவதும் தேய்த்துக்கொண்டே நகர்ந்து நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டது. "இருக்குது, வா" என்றான் அவன், மெதுவாக.

அவள் சிலேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள். லாரி ஹாரன் அடித்தது. நான் உள்ளே வந்து வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். பிள்ளைகள் சொன்னார்கள். நகர்ந்து உட்காருங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் மணி அடிக்கும் வரைக்கும் யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை.